நாலடி மீன் தொட்டிக்கு வீட்டிலேயே மர ஸ்டாண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் தொட்டியை விலை பேசி முடித்ததும் அடுத்த கேள்வி ஸ்டாண்டுதான். கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஸ்டாண்டு உங்கள் உயரத்துக்கோ ஹாலுக்கோ ஒத்து வராது. ஆசாரியிடம் சொன்னால், அவருக்கு மேசை தெரியும், கட்டில் தெரியும், ஆனால் இரவும் பகலும் இறங்காத எடையைத் தாங்கும் சாமானை அவர் அதிகம் செய்திருக்க மாட்டார். அதனால் நாமே விவரம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கீழே உள்ள கணக்கெல்லாம் 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டிக்கானது.

முதலில் இதைச் சொல்லுங்கள், தொட்டி எத்தனை கிலோ வரும்?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்குங்கள். 9 கன அடி வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 255 லிட்டர். விளிம்பு வரைக்கும் யாரும் நிரப்புவதில்லை. மேலே 2 இன்ச் விட்டால் 226 லிட்டர், அதாவது 226 கிலோ. கண்ணாடி 10 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. இந்தத் தொட்டிக்கு 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அடியில் 2 இன்ச் மணலோ கூழாங்கல்லோ போட்டால் அது ஒரு கன அடி, 40 முதல் 45 கிலோ. அந்த மணல் கொஞ்சம் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் 15 லிட்டர் சொச்சம் கழியும். அப்புறம் கல், வேர்க்கட்டை, மூடி, விளக்கு. எல்லாம் சேர்த்து 330 வரும். 350 என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி தொட்டி என்றால் கதையே வேறு. தண்ணீர் மட்டும் 680 லிட்டர், 12 மி.மீ. கண்ணாடி 120 கிலோ. மொத்தம் 850, 900 கிலோவைத் தொடும். அதற்கு இந்தப் பக்கத்தில் உள்ள அளவுகள் போதாது.

இவ்வளவு எடையை மரம் தாங்குமா?

தாங்கும். காய்ந்த நல்ல மரத்தில் 2 இன்ச்சுக்கு 2 இன்ச் கால் ஒன்றே, நேராக மேலிருந்து அழுத்தினால் ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும். நாலு கால் ஸ்டாண்டில் ஒரு காலுக்கு வருவது 90 கிலோதான். பலரும் இங்கேதான் பயப்படுகிறார்கள். பயந்து 4 இன்ச் கால் போடுகிறார்கள். ஆனால் மர ஸ்டாண்டு கெடுவது பெரும்பாலும் மூன்று வழியில்: பக்கவாட்டில் ஆடுவதால், மேல்தளம் முறுக்கிக்கொண்டு நிற்பதால், காலடியில் ஈரம் ஏறுவதால். காலின் தடிமனுக்குச் செலவழிக்கும் கவலையை இந்த மூன்றுக்கும் திருப்பிவிடுங்கள்.

மாடியில் வைக்கலாமா?

இப்போதைய கான்கிரீட் வீடுகளில் நாலடி தொட்டியைப் பொதுவாகச் சுவரோரமாக வைக்கிறார்கள், பிரச்சினை வருவதில்லை. அடியில் சுவரோ பீமோ ஓடும் இடமாகப் பாருங்கள். ஹாலின் நட்டநடுவில், ஸ்லாப் அதிகம் வளையும் இடத்தில் வைக்காதீர்கள். வீடுகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைப்பது வழக்கம். தொட்டி நிற்கும் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் அது மூன்று மடங்கைத் தாண்டும். அறை முழுக்க அப்படி எடை இல்லாததால் சமாளித்துக்கொள்கிறது. ஆறடி தொட்டியை மாடியில் வைப்பதானால் கட்டட இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் வாங்கவே வேண்டாம்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே தளத்தைத் தாங்குவது மர உத்தரங்கள். அவற்றின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். உத்தரத்தின் நுனி சுவருக்குள் போகும் இடம் உளுத்திருந்தாலும் வெளியே தெரியாது. அந்த வீட்டு மாடியில் பெரிய தொட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. கீழ்த்தளத்தில் தாராளமாக வையுங்கள்.

இரும்பு ஸ்டாண்டு இருக்கும்போது மரம் எதற்கு?

ஆங்கிளில் வெல்டிங் செய்த ஸ்டாண்டு உறுதியானதுதான். ஆறடிக்கு மேல் போனால் நானே இரும்பைத்தான் சொல்வேன். ஆனால் கடலோர ஊர்களில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் உங்களுக்கே தெரியும். உப்புத்தண்ணீர் தொட்டி என்றால் அதைவிட மோசம். வெல்டிங் சூட்டில் ஃப்ரேம் லேசாக முறுக்கிக்கொண்டால் பட்டறையிலேயே கவனித்து நிமிர்த்தினால்தான் உண்டு, வீட்டுக்கு வந்தபின் எதுவும் செய்ய முடியாது. மரத்தை வீட்டிலேயே இழைப்புளி போட்டு ஒரு நூல் அளவுக்குக்கூடச் சரிசெய்யலாம். கதவு வைக்கலாம், அடியில் ஃபில்டரை மறைக்கலாம், ஹாலில் மற்ற சாமான்களோடு சேர்ந்து நிற்கும்.

என்ன மரம் வாங்குவது?

தேக்கு இருந்தால் வேறு யோசனை வேண்டாம். ஈரத்துக்கும் கரையானுக்கும் ஈடுகொடுக்கும், காய்ந்தபின் அதிகம் திரும்பாது. ஆனால் இந்த வேலைக்குத் தேக்கு கட்டாயமில்லை.

வேங்கை வலுவானது, விலையும் குறைவு. ஒரே ஒரு விஷயம்: ஈரம் பட்டால் மஞ்சளும் பழுப்புமாகச் சாயம் விடும். வேங்கைக் குவளையில் ஊற்றிவைத்த தண்ணீர் நிறம் மாறுவது அதனால்தான். வெள்ளை டைல்ஸ் தரையில் அந்தக் கறை போகாது, அதனால் எல்லாப் பக்கமும் நன்றாக பாலிஷோ பெயிண்டோ ஏற வேண்டும். வேம்பும் பூவரசும் நன்றாக வைரம் பாய்ந்து காய்ந்திருந்தால் எடுக்கலாம். பைன் மரம் லேசானது, அறுக்கவும் இழைக்கவும் சுகம், புதிதாகத் தச்சு பழகுகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஈரத்தில் சீக்கிரம் கெடும், கரையானுக்கும் பிடிக்கும். ரப்பர் மரம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும், அதை நான் இதற்குச் சொல்ல மாட்டேன்.

எந்த மரமானாலும் பச்சையாக வாங்காதீர்கள். ஒரே அளவில் இரண்டு சட்டங்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் கனமாக இருந்தால் அதில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். பச்சை மரத்தில் நீங்கள் இன்று பார்த்த மட்டம் மூன்று மாதத்தில் இருக்காது. சட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள், வளைவும் முறுக்கும் உடனே தெரியும். ஓரத்தில் வெளிறிய பகுதி அதிகமிருந்தால் ஒதுக்கிவிடுங்கள், பூச்சி முதலில் நுழைவது அங்கேதான்.

வீடு இடித்த பழைய மரம் கிடைக்கிறது. வாங்கலாமா?

இருப்பதிலேயே நல்ல தேர்வு அதுதான் என்பேன். பழைய நிலை, கைமரம், உத்தரம் இதெல்லாம் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. இனிமேல் சுருங்குவதற்கோ திரும்புவதற்கோ அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் பர்மா தேக்கே கிடைக்கும். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு மில்லுக்கு அனுப்புங்கள். ஆணியில் ரம்பம் பட்டால் பல் போகும், மில்காரர் அடுத்தமுறை உங்கள் மரத்தைத் தொட மாட்டார். உளியால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். உளுத்த இடத்தில் உளி சொத்தென்று இறங்கும்.

எத்தனை சட்டம், என்ன அளவு?

30 இன்ச் உயர ஸ்டாண்டுக்கு நான் சொல்லும் அமைப்பு இது. 3×2 இன்ச் சட்டத்தில் மேலே ஒரு ஃப்ரேம், கீழே ஒரு ஃப்ரேம், நடுவில் ஆறு கால்கள். ஃப்ரேமில் 3 இன்ச் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும், படுக்கப் போடக் கூடாது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு ஓரத்தோடு நடுவிலும் ஒரு குறுக்குச் சட்டம். மேலே 18 மி.மீ. பிளைவுட். எல்லாம் கூட்டினால் 35, 36 ஓடும் அடி. கன அடியில் ஒன்றரை. வெட்டுக்கழிவுக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் கேளுங்கள். இழைத்தபின் 3×2 என்பது 2¾×1¾ ஆகிவிடும், அதைக் கணக்கில் கொண்டே சொல்கிறேன்.

தொட்டியின் நாலு ஓரமும் ஃப்ரேமின் நேர் மேலே உட்கார வேண்டும். எடை முழுக்க இறங்குவது அந்த ஓரங்களில்தான். ஸ்டாண்டு தொட்டியைவிட அரை இன்ச் பெரிதாக இருந்தால் பரவாயில்லை, சிறிதாக இருந்தால் ஆகாது.

உயரத்தை 30 இன்ச்சோடு நிறுத்துங்கள். அகலம் 18 இன்ச்தானே, அதற்கு மேல் உயர்த்தினால் முன்பக்கம் சாயும் அபாயம் கூடுகிறது. சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்த உயரமே தோது.

நடுக்கால் அவசியமா? முன்னால் அது இருந்தால் ஃபில்டர் தொட்டியை உள்ளே நுழைக்க முடியவில்லை.

நியாயமான கேள்வி. நடுக்கால் இல்லாவிட்டால் சட்டம் உடையாது, வளையும். இழைத்த 3×2 சட்டம் நாலடி நீளத்துக்குத் தாங்கல் இல்லாமல் பாதி எடையைச் சுமந்தால் நடுவில் ஏறக்குறைய 3 மி.மீ. தொய்யும் என்று கணக்கு வருகிறது. நடுவில் ஒரு கால் வைத்தால் அதே சட்டம் 0.25 மி.மீ. கூடத் தொய்யாது. 3 மி.மீ. தொய்வை மரம் பொறுத்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தப் பொறுமை இல்லை. முதலில் ஒட்டு விடும், இல்லாவிட்டால் அடிக்கண்ணாடி கீறும்.

முன்பக்கம் திறந்திருந்தே ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. முன் மேல்சட்டத்தை 5 இன்ச் உயரமாகப் போடுங்கள். சட்டத்தின் உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதால் தொய்வு முக்கால் மி.மீ.க்குள் வந்துவிடும். பின்பக்க நடுக்காலை எடுக்காதீர்கள், அங்கே அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஸ்க்ரூ போதுமா, ஆசாரி மாதிரி துளை போட்டுப் பூட்ட வேண்டுமா?

எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்க வேண்டும். மேல் ஃப்ரேம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கத்தில் சட்டத்தை ஒட்டவைத்து நாலு ஸ்க்ரூ அடித்தால் 350 கிலோவும் அந்த ஸ்க்ரூக்களில் தொங்குகிறது என்று பொருள். இதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் ஸ்க்ரூவுக்கு மிச்சமிருக்கும் வேலை, மரத்தை நகராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே.

முனையை நாக்காகச் செதுக்கி, காலில் துளை போட்டுச் செருகும் பழைய முறை தெரிந்த ஆசாரி கிடைத்தால் விடாதீர்கள், அதற்கு ஈடு கிடையாது. இல்லாவிட்டால் இரண்டு சட்டமும் சேரும் இடத்தில் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, ஃபெவிகால் மரைன் தடவி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கருப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். அது ஈரத்தில் துருப்பிடிக்கும், பக்கவாட்டு அழுத்தத்தில் படக்கென்று முறியும். ஸ்க்ரூவுக்கு முன் சின்ன ட்ரில் பிட்டில் துளை போடாவிட்டால் சட்டத்தின் முனை பிளக்கும்.

தள்ளினால் லேசாக ஆடுகிறது. தண்ணீர் நிரப்பினால் எடையில் சரியாகிவிடுமா?

ஆகாது. எடை ஏற ஏற ஆட்டத்தின் ஆபத்துதான் கூடும். தொட்டிக்குள் தண்ணீரும் சேர்ந்து அலையும். கால்களும் சட்டங்களும் மட்டும் இருக்கும் ஃப்ரேம், நீள்சதுரமாக நிற்கும்; தள்ளினால் சாய்சதுரமாகப் பார்க்கும். அதைத் தடுக்கப் பின்பக்கம் முழுக்க 12 மி.மீ. பிளைவுட்டை பசை போட்டு, அரையடிக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் அறைந்துவிடுங்கள். பக்கங்கள் இரண்டுக்கும் அதே மாதிரி. பிளைவுட் வேண்டாம் என்றால் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சட்டம் கொடுக்கலாம். இது முடிந்ததும் மறுபடி தள்ளிப் பாருங்கள், சுவரைத் தள்ளுகிற மாதிரி இருக்கும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஸ்டாண்டின் பின்பக்க மேல்சட்டத்தை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள். பிள்ளைகள் மீனைப் பார்க்கத் தொற்றி ஏறுவார்கள்.

சதுரம், மட்டம் எல்லாம் எப்படிப் பார்ப்பது?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஃப்ரேமைப் பூட்டும்போது எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மூலை சதுரம். 4 அடிக்கு 1½ அடி ஃப்ரேமுக்கு அது 4 அடி 3¼ இன்ச் வர வேண்டும். பசை காயும் முன் பார்த்துவிட்டால் தட்டிச் சரிசெய்யலாம்.

அடுத்தது முறுக்கு. ரசமட்டம் இதைச் சில நேரம் காட்டாது, நூல் காட்டும். ஸ்டாண்டின் மேல் நாலு மூலையிலும் சின்ன ஆணி தட்டி, மரத்தை ஒட்டியபடி மூலைக்கு மூலை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். இன்னொன்றை மற்ற இரண்டு மூலைக்கும், முதல் நூலின் மேலாகக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போக வேண்டும். இடைவெளி இருந்தால் மேல்நூலின் மூலைகள் தூக்கலாக இருக்கின்றன. மேல்நூல் கீழ்நூலை அழுத்தி வளைத்தால் கீழ்நூலின் மூலைகள் தூக்கல். தூக்கலான மூலையை இழைப்புளியால் ஒரு சீவு சீவி மறுபடி பாருங்கள். சீவல் காகிதம் மாதிரி மெல்லிசாக வர வேண்டும், தடிமனாக எடுத்தால் அடுத்த மூலை தூக்கலாகிவிடும்.

மட்டத்தை ஸ்டாண்டு நிற்கப்போகும் இடத்திலேயே பார்க்க வேண்டும். நம் வீட்டுத் தரைகள் பெரும்பாலும் கழுவிவிடும் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் சரிந்திருக்கும். நீளவாக்கில் 2 மி.மீ. சரிவு இருந்தால் தண்ணீர்க்கோடு கண்ணுக்கு உறுத்தும், தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் தூக்கி நிற்பதை விட்டுவைக்கக் கூடாது. தொங்கும் காலுக்கு அடியில் பித்தளைத் தகடோ ஃபார்மிகா துண்டோ கொடுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுப்பதைக் கடைக்காரரே சொன்னாலும் செய்யாதீர்கள். அந்த ஒரு புள்ளியில் அடிக்கண்ணாடி உடையும்.

தெர்மாகோல் போட்டால் மேடுபள்ளம் சரியாகிவிடுமா?

ஒரு மணல் துகள், தூக்கிநிற்கும் ஸ்க்ரூ தலை, பிளைவுட்டின் சின்னச் சொரசொரப்பு, இவற்றை அரை இன்ச் தெர்மாகோல் விழுங்கிக்கொள்ளும். அதற்காக அவசியம் போடுங்கள், ஒரே ஷீட்டாக, துண்டு துண்டாக இல்லாமல். முறுக்கிய ஸ்டாண்டை அது சரிசெய்யாது. நம் ஊர்த் தொட்டிகள் பெரும்பாலும் வெறும் கண்ணாடி அடியோடு வருவதால் இந்த அறிவுரை. அடியில் பிளாஸ்டிக் சட்டம் பொருத்தி, கண்ணாடி தூக்கலாக நிற்கும் தொட்டிக்குத் தெர்மாகோல் கூடாது. அது மேலெழுந்து நடுக்கண்ணாடியை அழுத்தும்.

பிளைவுட் எது?

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். விலை கூடத்தான். ஆனால் தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு வாரமும் ஒரு குவளையாவது சிந்தும். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் ஒருமுறை ஊறினால் உப்பும், பிறகு பழைய நிலைக்கு வராது. பழைய டிவி ஸ்டாண்டின் மேல் நாலடி தொட்டியை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அதில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டு.

பெயிண்ட், பாலிஷ்?

எதுவானாலும் உள்ளும் புறமும், முக்கியமாக வெட்டுமுனைகளில், இரண்டு மூன்று முறை பூச வேண்டும். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது நாரின் முனை வழியாக. காலின் அடிமுனைதான் அதில் மோசமான இடம், ஏனென்றால் தினமும் வீட்டை ஈரத்துணியால் துடைக்கிறோம். ஒவ்வொரு நாளும் அங்கே ஈரம், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு அடிமுனைகளுக்கு பெயிண்டை ஊட்டிவிடுங்கள். அப்புறம் கடப்பா கல் வெட்டும் கடையில் கழிவுத்துண்டுகள் கேட்டால் கொடுப்பார்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்று வையுங்கள். துடைக்கும் துணியின் ஈரம் கல்லோடு நின்றுவிடும், கரையான் மண் பூசி ஏறினாலும் கண்ணில் படும்.

பெயிண்ட் வாசனை முழுவதும் போகும்வரை மீன் விடாதீர்கள். ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும்.

மின்சார வேலை?

பிளக் பாயின்ட்டை ஸ்டாண்டுக்குள் மேல்பக்கமாகப் பொருத்துங்கள், தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறட்டும். ஒயர் வழியாக வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால் தொட்டி வைப்பதற்கு முன் அதைப் போடுங்கள். உள்ளே கைவிட்டு வேலை செய்யும்போது பம்பையும் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள்.

நிரப்பும் முன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

20 லிட்டர் தண்ணீர் கேன் 17, 18 ஏற்றினால் 350 கிலோ. சிமென்ட் மூட்டை என்றால் ஏழு. ஓர் இரவு விட்டு, காலையில் நூல் சோதனையையும் ரசமட்டத்தையும் திரும்பப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் தொட்டியை ஏற்றலாம்.

நிரப்பும்போதும் ஒரே மூச்சில் வேண்டாம். கால்வாசி நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். தொட்டியின் நாலு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை ஸ்கேலால் அளந்து ஒரு தாளில் குறியுங்கள். பாதியிலும் முக்காலிலும் அதையே செய்யுங்கள். நாலு மூலையிலும் அளவு ஒரே மாதிரி குறைந்துகொண்டு வந்தால் நல்லது. ஒரு மூலை மட்டும் வேகமாகக் குறைகிறது என்றால் அந்தப் பக்கம் இறங்குகிறது. உடனே காலிசெய்து காலடியைப் பாருங்கள். தண்ணீரோடு தொட்டியை ஓர் இன்ச்கூட நகர்த்த முயலாதீர்கள்.

பிறகு பராமரிப்பு ஏதாவது?

மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை டார்ச் அடித்துக் காலடி, பின்பலகை, மூலைகள் பாருங்கள். மாவு மாதிரி மரத்தூள் கொட்டியிருந்தால் வண்டு. கதவு திடீரென்று இறுக்கிப் பிடித்தால் மரம் ஈரம் குடித்திருக்கிறது, உள்ளே காற்றோட்டம் போதவில்லை. பின்பலகையில் மேலும் கீழும் கையளவு துளை வெட்டிவிடுங்கள். தண்ணீர்க்கோடு விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்பதை மீனுக்குத் தீனி போடும்போதே பார்த்துக்கொள்ளலாம்.